கிழிவாலனுக்கு ஒரு நேர்ச்சை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய ஆற்றில் ட்ரவுட் மீன் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அது நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் சொகுசாக வாழ்கிற மீன். நம்முடைய வெயிலில் கொண்டுவந்து விட்டால் அசர் தொழுகை நேரத்துக்கு முன்னால் செத்து மௌத்தாகிவிடும்.

ஆனாலும் நீங்கள் இந்த விடுதியில் வழிகாட்டி வேலையில் சேர்ந்த முதல் கிழமையிலேயே யாராவது ஒரு விருந்தாளி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அதைப்பற்றிக் கேட்பார். அவரில் பிழையில்லை. அணைக்கட்டுக்குக் கீழே நம்முடைய ஆறு வருகிற அழகு அப்படி. அடிமதகால் வருகிற தண்ணீர் குளிர்ந்துபோய், அடிக்கல் தெரியும் தெளிவோடு வருகிறது. இரண்டு கரையிலும் மருத மரங்கள் தண்ணீரை முகர்ந்து பார்ப்பதற்குக் குனிந்த மாதிரி நிற்கின்றன. பின்னால் மலை. இதைப் படத்தில் பார்க்கிற வெளிநாட்டுக்காரருக்குத் தன்னுடைய ஊர் ட்ரவுட் ஆறுதான் ஞாபகம் வரும்.

கேட்டால் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் விருந்தாளியின் மனதை நோகடிக்கக்கூடாது என்று, "ட்ரவுட் இப்போது தூங்குகிற காலம்" என்று சொல்லிவைத்தார். அடுத்த வருடம் அதே மனிதர், அது எப்போது விழிக்கும் என்று கேட்டுக்கொண்டு மனைவியோடும் மாமியாரோடும் வந்து இறங்கினார். விருந்தாளிக்குச் சொல்கிற பொய், திரும்பி வருவதற்கும் சேர்த்தே விமானச்சீட்டு எடுத்துக்கொண்டு போகிறது.

நம்மிடம் இருப்பது ஆற்றுக்கெண்டை. உள்ளங்கை அகலச் செதில், பித்தளை நிறம், இழுத்தால் தோள்மூட்டு கழன்றுவிடும். வெள்ளைக்காரர் மஹசீர் என்பார்கள். அதைப் பிடிப்பதற்குத்தான் வருகிறார்கள். பிடித்து, ஒருமுறை பார்த்து, மறுபடியும் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். நான் நிந்தவூர்க்காரன், கடல்மீன் தின்று வளர்ந்தவன். பிடித்த மீனை விடுவதற்கு ஒரு மனிதன் இவ்வளவு தூரம் வருவான் என்பது எனக்கே தொடக்கத்தில் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று, இல்லாவிட்டால் இந்த வேலையில் தலைமை வழிகாட்டியாக ஓய்வு பெற்றிருக்க மாட்டேன்.

முடிச்சுப் போடுவதையும் தூண்டில் வீசுவதையும் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித்தருவார்கள். நான் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்லப்போகிறேன். இந்த விடுதி இன்றைக்கும் திறந்திருப்பதற்கும், நீங்கள் இங்கே உட்கார்ந்திருப்பதற்கும் அந்த நாள்தான் காரணம்.

அந்த வருடம் விடுதி மூடுகிற நிலையில் இருந்தது. முதலாளிக்குக் கல்முனையில் புடவைக்கடை. கடை கொழுத்தது, விடுதி மெலிந்தது. வழிகாட்டிகளாக நாங்கள் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் குடும்பம். அந்தச் சமயத்தில் ஒரு கூட்டம் வருவதாகச் செய்தி வந்தது. தலைமை தாங்கி வருபவர் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்கார ஆசிரியை. நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றே கூப்பிடுவோம். அவருடைய ஊரில் ஒரு தூண்டில் சங்கம் இருந்தது. சங்கம் வருடாவருடம் எந்த நாட்டுக்குப் போவது என்பதை மிஸ்தான் முடிவுசெய்வார்.

மிஸ் ஏற்கனவே இரண்டு தடவை தனியாக வந்து போனவர். இரண்டு தடவையும் ஒரே மீனிடம் தோற்றவர். அந்த மீனுக்கு வாலின் மேல்பாதி கிழிந்திருக்கும், அதனால் நாங்கள் வைத்த பெயர் கிழிவாலன். ஒரு சின்னப் பிள்ளையின் நீளம் இருக்கும். இரண்டு வருடமும் தூண்டிலை வாங்கிக்கொண்டு, தங்கூசி நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மிஸ் அதைப்பற்றிப் பேசும்போது பழைய மாணவனைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும், கோபமும் பெருமையும் சரிபாதி.

முதலாளி எங்களைக் கூப்பிட்டு, சுற்றிவளைக்காமல் சொன்னார்.

"மிஸ் சந்தோசமாப் போனா அவட சங்கம் வரிசத்துக்கு வரிசம் வரும், கதவு துறந்திரிக்கும். மொகம் சுழிச்சிப் போனா சாவிய நான் எடுத்திருவன். என்னக் கொற சொல்லப்படாது."

குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவர் நியாயமான மனிதர்.

இனி ஆற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்முடைய ஆறு நம்முடையது அல்ல, வயலுக்குச் சொந்தமானது. அணைக்கட்டில் தண்ணீர் திறப்பதும் பூட்டுவதும் நாவிதன்வெளிப் பக்கத்து வயல்வெளிகளான வட்டைகளில் வேளாண்மை விதைப்பதையும் வெட்டுவதையும் வைத்துத்தான் நடக்கும். நெற்போகத்தின் முடிவில், வெட்டுகிற மெஷின் வயலில் புதையாமல் இருப்பதற்குத் தண்ணீரைப் பூட்டிவிடுவார்கள். அதோடு ஆறு வற்றி, மீன்களெல்லாம் மடுக்களில் ஒதுங்கும். அப்போது வட்டை விதானை ஒரு நாள் குறிப்பார். விவசாயிகள் தங்களுக்குள்ளே தெரிவுசெய்கிற தலைவர்தான் வட்டை விதானை. அவர் குறித்த நாளில் தமிழ் ஆட்கள், முஸ்லிம் ஆட்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்து, வலையோடு மடுவில் இறங்கி, பிடித்த மீனை அந்தக் கரையிலேயே கறியாக்கி, சோறாக்கித் தின்றுவிட்டுப் போவார்கள். அதற்குப் பெயர் மடு இறங்குதல். போகம் முழுக்க முதுகு ஒடிந்த சனத்துக்கு அது ஒரு பெருநாள்.

வழக்கமாக அது எங்களுடைய விருந்தாளிகள் போனபிறகு வரும். அந்த வருடம் வேளாண்மை முந்தி விளைந்துவிட்டது. விவசாயிகள் கூட்டத்தில் கேட்டு, தண்ணீரை முந்திப் பூட்டுவித்துவிட்டார்கள். எங்களில் ஒருவரும் அந்தக் கூட்டத்துக்குப் போகிற வழக்கமில்லை. ஆற்றில் பிழைப்பவன், ஆறு எப்போது ஓடும் என்று பேசுகிற கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறான் பாருங்கள். நீங்கள் போங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். தேநீரும் தருவார்கள்.

மிஸ்ஸும் ஆட்களும் வந்து இறங்கிய மறுநாள் காலை, சப்ரி ஓடிவந்தான். எங்களில் வயதில் குறைந்த வழிகாட்டி அவன், என்னை அண்ணன் முறையில் காக்கா என்பான், நல்ல கை, அவசர வாய்.

"காக்கா, நடுமடுவுக்குச் சனம் வருது! லேண்ட்மாஸ்டர்ல, ட்ரக்டர்ல, கிடாரமெல்லாம் ஏத்திக்கிட்டு வருது!"

மிஸ்ஸும் பின்னால் வர, போய்ப் பார்த்தேன். கரை முழுக்கச் சனம். வீச்சுவலை, கைவலையான அத்தாங்கு, மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற கரப்பு, சோறாக்குகிற பெரிய பித்தளைக் கிடாரம், விறகு, வெங்காயம், அழுகிற குழந்தை, சிரிக்கிற கிழவர்கள். பெரியநீலாவணையில் கட்டிக்கொடுத்த பெண்கள்கூட மாப்பிள்ளைமாரோடு வந்திருந்தார்கள். முன்னொரு தடவை முதலாளி அந்தக் கரையில் 'மீன்பிடிக்கத் தடை' என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை நட்டிருந்தார். அதைப் பிடுங்கி, இரண்டு கல்லின்மேல் வைத்து, ஒரு பெண் மீன் வெட்டுவதற்கு இடம் ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தார். பலகைக்கு அதைவிட நல்ல உபயோகம் கிடைத்திருக்காது என்றுதான் எனக்குப் பட்டது.

தண்ணீர் குறைந்து நடுமடு ஒரு பெரிய முற்றத்தின் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதன் ஆழத்தில், மருதவேருக்குக் கீழே, கிழிந்த வால் ஒன்று மெதுவாக அசைவதை நான் கண்டேன். என் பக்கத்தில் தூண்டில் தடியோடு நின்ற மிஸ்ஸும் கண்டார். சனத்தைப் பார்த்தார், வலைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

சப்ரி என் காதுக்குள் வந்தான்.

"பொலிசுக்கு எடுப்பமா காக்கா? ஆத்துல வலை போடுறது சட்டத்துக்குப் பிழைதானே?"

"எடுக்கலாம். பொலிசு வந்தா இண்டைக்கி மடு நமக்கு. நாளைக்கி இந்தச் சனத்துக்கு நடுவால எப்படி ஆத்துக்கு வருவாய்?"

பிள்ளைகளே, சட்டம் உங்கள் பக்கம் இருப்பது ஒரு வசதி. ஆனால் அந்தச் சனம் போகம் தவறாமல் அங்கே இருக்கப்போகிறது, பொலிஸ் ஜீப் அரை மணித்தியாலம் நிற்கும். முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர், "மூணு நாள் கேளு, மூணு நாள் மட்டும் தள்ளிவைக்கச் சொல்லு" என்றார். விதானையாரைத் தேடிப் போனேன்.

விதானையார் தமிழர், நாவிதன்வெளிக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு அடுப்புக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மூன்று நாள் என்று நான் வாய் திறந்ததுமே சிரித்துவிட்டார்.

"தம்பி, அரிசி கழுவியாச்சு."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கழுவிய அரிசியை மூன்று நாள் தள்ளிவைக்கச் சொல்கிறவன் மடையன். ஆனாலும் அவர் விளக்கமாகவே சொன்னார்:

"சனம் லீவு போட்டுட்டு வந்திரிக்கி. மகள்மார் வந்திரிக்காளுகள். மூணு நாள் எண்டா நான் ஆரிட மொகத்தில முழிக்கிற? உங்கட ஆக்கள் தூண்டில் போட்டுட்டு மீன விடுறாங்க. எங்கட ஆக்கள் பிடிச்சித் தின்னுறாங்க. இதுல ஆருக்கு மீன் தேவ, நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. மூன்று நாள் தேவைப்பட்டது முதலாளிக்கு. மிஸ்ஸுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு மீன். இந்தச் சனத்துக்கு மடு முழுக்க மீன் இருக்கிறது. அப்படியென்றால் நான் கேட்கவேண்டியது நாட்களை அல்ல, மீனை. பிடித்து, வலை போட விடாத மேல்மடுவில் கொண்டுபோய் விட்டுவிடலாம். நெருக்கடி வந்தால் முதலில், உண்மையாகவே எது வேண்டும் என்று பிரித்துப் பாருங்கள். முக்கால்வாசி கேட்காமல் விடக்கூடியதாக இருக்கும்.

ஆனால் ஒரு மீனுக்காகவும் அவ்வளவு சனம் ஏன் காத்திருக்க வேண்டும்? வெயில் ஏறுகிறது, பிள்ளைகளுக்குப் பசி. "தயவுசெய்து" என்று கேட்டால் பத்து நிமிடம் தருவார்கள். கிழிவாலனைப் பிடிப்பதற்குப் பத்து நிமிடம் போதுமென்றால் மிஸ் இரண்டு வருடம் அழுதிருக்க மாட்டார். வலைகாரர் ஒருவர் மடுவின் வாய்ப்பக்கமாகக் கால் வைத்துவிட்டார். யோசிப்பதற்கு நேரம் இல்லை. நான் கிடாரம் வைத்திருந்த கல்லில் ஏறி நின்று கத்தினேன்:

"எல்லாரும் கேளுங்க! இந்த மடுவுல வால் கிழிஞ்ச ஒரு கெண்ட இரிக்கி. அத இந்த மிஸ் தூண்டிலால பிடிக்கட்டும். அது உசிரோட மேல்மடுவுக்குப் போய்ச் சேந்திச்செண்டா, உங்க அத்தின பேருக்கும் ஒரு மாடு அறுத்துச் சோறு தாறன்! இது நேர்ச்ச!"

நேர்ச்சை என்றால் இலேசான சொல் அல்ல, உங்களுக்குத் தெரியும். நேர்ந்துவிட்டால் கொடுத்தே ஆகவேண்டும். வாய் தவறிச் சொன்னேன் என்று பிறகு கதைக்க முடியாது. ஆர்ப்பரித்துக் கைதட்டினார்கள். எனக்கு நெஞ்சு பூரித்துப்போயிற்று. கல்லில் நின்றுகொண்டு அரசியல்வாதி மாதிரி அந்தக் கைதட்டலை அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். இடது பக்கத்திலிருந்துதான் சத்தம் வந்தது. வலது பக்கம் பேசாமல் நின்றது. முகத்தில் கோபமில்லை, பரிகாசமில்லை, ஆனால் ஒருவரும் கை தட்டவில்லை. அந்தப் பக்கத்தின் முன்னால் விதானையார் நின்றார். மெதுவாக என்னருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"தம்பி, நல்ல நேத்திதான். ஆனா பாதிச்சனம் எங்கட ஆக்கள். மாடு நாங்க தின்னுறல்லயே."

எத்தனை வருடமாக இந்தச் சனத்தோடு ஒரே பஸ்ஸில் போகிறேன், ஒரே கடையில் தேநீர் குடிக்கிறேன். அவசரத்தில் வாயைத் திறந்தால் என் வீட்டுச் சட்டிதான் வெளியே வருகிறது. அந்த மனிதர் அதைச் சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தக் கரையில் அன்று வேறு கதை நடந்திருக்கும். காதோடு சொன்னார் பாருங்கள், அதற்காக அவருக்கு நான் இன்றும் தொழுகையில் துஆ செய்கிறேன்.

மறுபடியும் கத்தினேன்: "மாடு இல்ல! பிழையாச் சொல்லிட்டன்! ஆடு! என்ட வீட்டுல நிக்கிற ரெண்டு ஆடும்! எல்லாரும் ஒரு பந்தியில, ஒரே கறி!"

இந்தத் தடவை இரண்டு பக்கமும் தட்டிற்று. வலதுபக்கத்திலிருந்து ஒரு கிழவி, "ரெண்டும் கிடாயா, மறியா?" என்று கேட்டார். சிரிப்பு அலை மாதிரி கரையில் ஓடியது. தாடி வைத்த ஒரு இளைஞர் மட்டும் முன்னால் வந்து, "காக்கா, நேர்ச்ச அல்லாஹ்வுக்கு மட்டும்தான். மீனுக்கெல்லாம் நேரப்படாது" என்றார். "ஓம் தம்பி, நேர்ச்ச அல்லாஹ்வுக்குத்தான். சோறு உனக்கு" என்றேன். அவருக்கும் அதில் ஆட்சேபணை இருக்கவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் நான் படித்த பெரிய பாடம் இதுதான். கைதட்டுகிறவர்களைப் பார்க்காதீர்கள். தட்டாதவர்களைப் பாருங்கள், அவர்களிடம்தான் நீங்கள் விட்ட பிழை இருக்கிறது.

விதானையார் கையை உயர்த்தினார். கரை அமைதியாயிற்று. ஒரு ஊரே மூச்சை அடக்கி ஒரு மிஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை நினைத்துப் பாருங்கள். மிஸ்ஸுக்கு நான் நடந்ததைச் சொன்னேன். "அப்படியென்றால் நான் தோற்றால் இத்தனை பேருக்கும் ஆட்டுச் சாப்பாடு இல்லையா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "நல்லது, எனக்கு நெருக்குதல் போதாமல் இருந்தது" என்றார். ஆசிரியைதானே, பரீட்சை மண்டபத்தில் பழகியவர்.

மீனைக் காயப்படுத்தாமல் கழற்றுவதற்காக எதிர்ப்பல்லை நசுக்கிய தூண்டில் முள்ளில், இறகால் கட்டிய போலிப் பூச்சி. முதல் வீச்சில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. பிறகு எத்தனை வீசினார் என்று நான் எண்ணவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. கரையில் பிள்ளைகள் சிணுங்கினார்கள், பெரியவர்கள் "உஸ்" என்றார்கள். காலையில் வலையோடு இறங்கப் பார்த்த அதே மனிதர், பக்கத்தில் இருமியவரை முறைத்தார். நேர்ச்சை வேலைசெய்யத் தொடங்கிவிட்டது என்று எனக்கு அப்போது விளங்கிற்று. நேற்றுவரை அந்த மீன் எங்களுடைய கவலை. இப்போது அது அந்த ஊருடைய மீன்.

வேரின் நிழலில் தண்ணீர் ஒருதடவை கொப்பளித்தது. தடி வளைந்தது. ரீல் அலறிற்று.

"கிழிவாலன்!" என்று சப்ரி கத்தினான். கரை முழுவதும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது.

நம்முடைய தொழிலில் ஒரு கட்டளை உண்டு, உங்களுக்கும் சொல்லித்தருவார்கள்: தூண்டிலில் மீன் இருக்கும்போது வேறொருவரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. கலங்கும், மீன் மிரளும், தங்கூசி காலில் சிக்கும். மிஸ் அதைத்தான் கத்தினார், ஒருவரும் இறங்க வேண்டாம் என்று. மிகச் சரியான கட்டளை. ஆனால் நான் மீன் போகிற திசையைப் பார்த்தேன். அது நேராக மடுவின் கீழ்வாய்க்குப் போகிறது. வாயில் முழங்கால் அளவு தண்ணீர், அதைத் தாண்டினால் விழுந்து கிடக்கிற பெரிய மரம், கொப்பும் கிளையுமாக. இரண்டு வருடமும் அது அந்தக் கொப்புக்குள்ளே போய்த்தான் தங்கூசியை அறுத்தது. மிஸ்ஸுக்கு இழுத்து நிறுத்துவதற்குப் பலம் போதாது. இழுத்தால் அறும். விட்டாலும் அறும்.

காலையிலிருந்து இந்தச் சனம் தண்ணீரில் இறங்கிவிடக்கூடாது என்பதற்காகத்தான் நான் அத்தனை பாடும் பட்டேன். இறங்கியவன் கையில் வலை இருக்கிறது. ஒருவன் ஆசைப்பட்டு வீசினால் எல்லாம் முடிந்தது. என்னுடைய வேலை, விடுதி, மிஸ், இரண்டு ஆடு, விதானையாரின் மரியாதை, எல்லாம் அந்த ஒரு வீச்சில் போய்விடும். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் எனக்கு இருந்தது.

"இறங்குங்க!" என்று கத்தினேன். "எல்லாரும் இறங்குங்க! வாய மறிங்க! வலையத் தலைக்கு மேல தூக்குங்க!"

மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்தே விலக்கிவிட்டார். ஆனால் சனம் இறங்கிவிட்டது. சாரத்தோடு, சேலையோடு, தொப்பியோடு, திருநீற்றோடு, தோளோடு தோள் ஒட்டி மடுவின் வாயில் ஒரு மதில் எழுந்தது. வலைகளெல்லாம் தலைக்குமேல். கால்களால் தண்ணீரை அடித்தார்கள். கிழிவாலன் வந்த வேகத்தில் ஒரு பருத்த மனிதரின் முழங்காலில் மோதிற்று. அவர் சோதனைச் சாவடியில் நிற்பவரைப் போல இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "நான் தொடல்ல! நான் தொடல்ல!" என்று அலறினார். மீன் திரும்பிற்று. மறுபக்கம் பாய்ந்தது. அங்கேயும் கால்கள். மறுபடியும் திரும்பி, நடு ஆழத்துக்குப் போய், அங்கே நின்று, மெல்ல மெல்ல மிஸ்ஸின் பக்கம் வரத் தொடங்கிற்று.

ஒரு வலைகூடத் தண்ணீரில் விழவில்லை. ஒன்றுகூட.

மிஸ் முழந்தாளிட்டுக் கைகளை நனைத்து அதைத் தாங்கினார். முள்ளை நானே கழற்றினேன். விதானையார் ஒரு கிடாரத்தை மடுவில் அமிழ்த்தி நிரப்பிக்கொண்டு வரச்செய்தார். சோறாக்குவதற்கு வந்த கிடாரத்தில் கிழிவாலன் சுருண்டு கிடந்தது, பித்தளைக்குள் பித்தளை. லேண்ட்மாஸ்டர் கைட்ரக்டரின் பெட்டியில் கிடாரத்தை வைத்து, இரண்டு பக்கமும் நான்கு பேர் பிடித்துக்கொள்ள, மேல்மடுவுக்குப் புறப்பட்டோம். அது அணைக்கட்டின் வேலிக்குள்ளே இருக்கிறது. கசிவுநீர் விழுவதால் ஒருநாளும் வற்றாது, வலைபோடவும் விடமாட்டார்கள். கூட்டத்தைக் கண்ட காவலாளி முதலில் பயந்துவிட்டார். பிறகு கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்து, விதானையாரைப் பார்த்து, படலையைத் திறந்து, "மீனும் மூணு பேரும் மட்டும்" என்றார்.

மிஸ்ஸும் விதானையாரும் நானும் உள்ளே போனோம். மீனின் வயிற்றுக்குக் கீழே கைவைத்து, தலையை நீரோட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அது அசையவில்லை. செவுள் ஒருதடவை திறந்தது, பிறகு இல்லை. வேலிக்கு வெளியே இருந்து ஒரு குரல் கேட்டது: "ஆட்டுக்கு ஆயுசு கெட்டிபோல இரிக்கி." ஒருவரும் சிரிக்கவில்லை. உயிர் பிரிகிற நேரத்துக்குரிய கலிமாவை நான் ஓதிக்கொண்டிருந்தேன், யாருக்காக ஓதுகிறேன் என்று எனக்கே தெரியாது.

கிழிந்த வால் ஒருதடவை அசைந்தது. அடுத்த அசைவில் விதானையாரின் முகத்தில் ஒரு வாளித் தண்ணீரை அடித்துவிட்டு, அந்த மகராசன் ஆழத்துக்குள் போய்விட்டான்.

வேலிக்கு வெளியே எழுந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் அல்லாஹு அக்பர் என்ற தக்பீர், ஒரு பக்கம் அரோகரா, நடுவில் விசில். முகம் சொட்டச்சொட்ட நின்ற விதானையாரை மிஸ் கட்டிப்பிடித்துவிட்டார். அவர் வெட்கத்தில் என்னைப் பார்த்து, "தம்பி, வீட்டில சொல்லிப்போடாதீங்க" என்றார்.

அதற்குப் பிறகு மடு இறங்கினார்கள். மிஸ்ஸின் ஆட்களும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அத்தாங்கோடு இறங்கினார்கள். வாழ்நாள் முழுக்கப் பிடித்த மீனை விட்ட மனிதர்கள் அன்று கரையில் குந்தியிருந்து முள் பொறுக்கிக்கொண்டு விரால் குழம்பு தின்றார்கள்.

நேர்ச்சையை வீட்டில் சொல்லவேண்டிய கட்டம் வந்தது. அந்த ஆடுகள் என் மனைவி வளர்த்தவை. நான் சொல்லி முடியும்வரை அவள் பேசாமல் கேட்டாள்.

"நேந்தாச்செண்டா கதை முடிஞ்சுது" என்றாள். "ஆனா முதல்ல மாடு எண்டு சொன்னீங்களே, எந்த மாட்ட நினைச்சிச் சொன்னீங்க? நம்மட ஊட்டுல மாடு இல்லயே."

உண்மைதான். எங்களிடம் மாடே இருக்கவில்லை. அந்த வகையிலும் விதானையார் என்னைக் காப்பாற்றிவிட்டார்.

ஆட்டுக்கறிச் சோறு அதே கரையில், அதே கிடாரத்தில் நடந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவித்தான், முகத்தைச் சுழிக்காதீர்கள். எல்லோரும் ஒரே பந்தி. மிஸ் போகும்போது முதலாளியிடம், தன்னுடைய சங்கம் ஒவ்வொரு வருடமும் வரும் என்றும், ஆனால் மடு இறங்குகிற நாளுக்குச் சரியாக வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அந்தத் தடைப் பலகையை அவரே விறகாக்கிவிட்டார்.

அடுத்த போகத்துக்கான விவசாயிகள் கூட்டம் வந்தது. இந்தத் தடவை நான் போனேன், பின்வரிசையில் உட்கார்ந்தேன். அன்று கரையில் நின்ற மாதிரியே இடது பக்கம் முஸ்லிம் ஆட்கள், வலது பக்கம் தமிழ் ஆட்கள். தண்ணீர் திறக்கிற நாள், விதைக்கிற நாள், பூட்டுகிற நாள் எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். நான் எழுந்து நமக்காக ஏதாவது கேட்போமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் விதானையார் எழுந்துவிட்டார்.

"இன்னும் ஒண்டு இரிக்கி. மடு இறங்கிறதுக்கு முதல்நாள், மடு தூண்டில்காரருக்கு. அண்டைக்கு ஒருத்தரும் வலையோட வரப்படாது. கிழிவாலன் அங்க நிண்டா, முதல் அவனக் கொண்டுபோய் மேல விட்டுட்டுத்தான் மற்ற வேல. ஆருக்கும் மறுப்பிருந்தாச் சொல்லுங்க."

நேர்ச்சை இல்லை, ஆடு இல்லை, நான் வாய் திறக்கவும் இல்லை. பிறகு கை தட்டினார்கள். வலது பக்கத்திலிருந்துதான் முதலில் தட்டினார்கள்.